நோயை முதலில் தீன் தட்டில் தேடுங்கள்: கூட்டில் இருக்கும் வனவிலங்குகளைப் பராமரிப்போருக்கு ஒரு வழிகாட்டி

அம்பாறைக் கரையோரத்தில் ஓரிடத்தில் வளர்ந்துகொண்டிருந்த கொடுப்புலி (மீன்பிடிப் பூனை) குட்டியொன்று, முழங்கால் உயரப் பலகையிலிருந்து குதித்ததில் பின்னங்கால் முறிந்துவிட்டதாகச் சொல்லி என்னை அழைத்தார்கள். வேளாண்மை வெட்டும் காலத்தில் வயலில் தாயின்றிக் கிடந்து எடுக்கப்பட்ட குட்டி அது. காலுக்கு மட்டை வைத்துக் கட்டி, வலிக்கு மருந்தும் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இரண்டு கிழமைக்குள் மற்றக் காலும் முறிந்தது. அதன் பிறகே எக்ஸ்ரே எடுக்கச் செய்தேன்; படத்தில் எலும்பும் சதையும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. என்ன தீன் கொடுக்கிறீர்கள் என்று முதன்முறையாகக் கேட்டபோது, பராமரித்த தம்பி மிகுந்த அக்கறையோடு சொன்னார்: "நல்ல தனி இறைச்சிதான் குடுக்கிறம் சேர். தொண்டையில சிக்கிரும் எண்டு எலும்பு ஒண்டும் போடுறல்ல."

அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கூட்டில் இருக்கும் வனவிலங்குகளில் நான் கண்ட நோய்களில் பெரும்பகுதி, வெளியே தெரிவதற்குப் பல கிழமைகளுக்கு முன்பே தீன் தட்டில் தொடங்கியிருந்தது. மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன் அந்தத் தட்டை எப்படிப் பார்ப்பது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு சொல். வனவிலங்குகளை வீட்டில் வளர்ப்பதற்கு இந்த வழிகாட்டி அனுமதி அல்ல. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் நமது வனவிலங்குகளில் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கின்றன. காயப்பட்ட விலங்கோ அநாதைக் குட்டியோ கைக்கு வந்தால், 1992 என்ற தொலைபேசி இலக்கத்தில் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அன்றே அறிவியுங்கள். அவர்கள் வந்துசேரும்வரை இருட்டான, சூடான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். குளிர்ந்துபோன உடலுக்குத் தீன் கொடுக்கக்கூடாது. முதலில் சூடு, பின்பு நீர், அதன் பிறகே தீன். பறவையின் சொண்டைப் பிளந்து நீர் ஊற்றினால் அது சுவாசக் குழாய்க்குள் போய்விடும். பறவைக்கு எந்நிலையிலும் பால் கொடுக்காதீர்கள். பாலூட்டிக் குட்டிக்கும் பசுப்பாலை ஊற்றாமல், வைத்தியர் சொல்லும்வரை ஜீவனி என்ற உப்பு-சீனிக் கரைசலை மட்டும், குட்டி வயிறு கீழே இருக்கும் நிலையில், துளித்துளியாகக் கொடுங்கள். மல்லாக்கக் கிடத்திப் பருக்குவதால் நுரையீரல் அழற்சி கண்டு இறந்த குட்டிகள் பல.

ஏழு நாட் கொப்பி

அனுமதியோடு விலங்குகளைப் பராமரிக்கும் இடங்களில் நான் முதலில் கேட்பது ஒரு கொப்பியும் ஒரு சமையலறைத் தராசும். தொடர்ந்து ஏழு நாட்கள், கூட்டுக்குள் வைக்கும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். மறுநாட் காலையில் மிஞ்சியதையும் தனித்தனியாகப் பொறுக்கி நிறுத்து எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்த விலங்கு உண்மையில் உண்ட உணவு. சுவரில் ஒட்டியிருக்கும் தீன் அட்டவணையில் பத்து வகை இருக்கலாம். விலங்கு அவற்றில் இனிப்பானதையும் கொழுப்பானதையும் பொறுக்கித் தின்றுவிட்டு மிகுதியைக் காலால் தள்ளிவிடும். ஒரே கூட்டில் பல விலங்குகள் இருந்தால், வலியது நல்லதைத் தின்னும், மெலிந்தது மிஞ்சியதைத் தின்னும். ஆகவே தட்டுகளை இடைவெளி விட்டு, விலங்குகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வையுங்கள்.

அதே கொப்பியில் எச்சத்தின் நிறம், இறுக்கம், அளவு ஆகியவற்றையும், கிழமைக்கு ஒருமுறை விலங்கின் எடையையும் குறியுங்கள். நோயை மறைப்பது வனவிலங்கின் இயல்பு; காட்டில் சோர்ந்து தெரிவது இரையாகிவிடும். கண்ணுக்குச் சுகமாகத் தெரியும் விலங்கின் எடை மூன்று கிழமை தொடர்ந்து இறங்கினால், கண்ணை விடத் தராசையே நம்புங்கள்.

இறைச்சியும் மீனும் உண்பவை

எலும்பில்லாத இறைச்சியில் ஒரு பங்கு கல்சியத்துக்கு ஏறத்தாழ இருபது பங்கு பொஸ்பரஸ் இருக்கிறது. வளரும் குட்டிக்கு வேண்டியதோ ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் கல்சியம் மேலோங்கிய விகிதம். குறைவதை ஈடுசெய்ய உடல் தன் எலும்பையே கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. அந்தக் கொடுப்புலிக் குட்டிக்கு நடந்தது அதுதான். காட்டில் அது தனி இறைச்சியைத் தின்பதில்லை. எலியையும் மீனையும் எலும்பு, ஈரல், தோலோடு முழுதாகத் தின்கிறது. எனவே முழு இரை கொடுங்கள். இயலாத நாட்களில், அவித்து உலர்த்தி மாவாக இடித்த முட்டைக்கோதைச் சேருங்கள். அதன் எடையில் ஏறத்தாழ 38 சதவீதம் கல்சியம். எவ்வளவு சேர்ப்பது என்பதை விலங்கின் எடையைச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். சமைத்த எலும்பு மட்டும் வேண்டாம், அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பூனை இனத்தவைக்கு டோரின் என்ற சத்தும் தீனிலிருந்தே கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். முழு இரையில் இருதயமும் ஈரலும் சேர்ந்து வருவதால் இந்தக் குறையும் தீர்கிறது.

மட்டக்களப்பு வாவிக் கரையில் வலையிலும் தூண்டிலிலும் சிக்கிக் காயப்பட்ட கூழைக்கடாக்களும் நீர்நாய்களும் கைக்கு வரும்போது, மலிவாகக் கிடைக்கும் ஐஸ் மீனை நாட்கணக்காகக் கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. இங்கே இரண்டு ஆபத்துகள் உண்டு. சூடை, சாளை ஆகியவற்றின் குடும்பத்து மீன்கள் பலவற்றில் தயமின் என்ற விற்றமின் பீ-1ஐச் சிதைக்கும் நொதியம் இருக்கிறது. மீன் ஐஸில் கிடக்கும்போதும் அந்த நொதியம் ஓய்வதில்லை. சில கிழமைகளில் விலங்கு தீனை மறுக்கும், தள்ளாடும், தலையை முதுகுப்பக்கம் வளைத்து வானத்தைப் பார்த்தபடி நிற்கும், பின்பு வலிப்பு வரும். காலத்தோடு தயமின் ஊசி போட்டால் ஒரு நாளுக்குள்ளேயே எழுந்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். தாமதித்தால் மூளை மீளாது. இரண்டாவது, கொழுப்பு மீனைப் பல மாதம் உறையவைத்தால் விற்றமின் ஈ அழிந்து கொழுப்பு காறிப்போகும். அதை உண்ட விலங்கின் தோலடிக் கொழுப்பு மஞ்சளாக இறுகி, தொட்டாலே வலிக்கும்.

ஆகவே ஒரே மீனில் தங்கியிராமல், வாவி மீனும் கடல் மீனுமாக மூன்று நான்கு வகைகளை மாற்றிக் கொடுங்கள். மீனையே நம்பியிருக்கும் விலங்குக்கு, ஒரு கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் தயமினும் 100 அலகு விற்றமின் ஈயும் சேர்ப்பது பொதுவான அளவு. மாத்திரையை ஒரு சிறு மீனின் செவுளுக்குள் செருகி, பெரிய தீனுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். உறைந்த மீனை வெயிலில் போட்டோ நீரில் ஊறவிட்டோ இளக்காமல், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க வைத்து இளக்குங்கள்.

கிளியும் மைனாவும்

சூரியகாந்தி விதையும் சோறும் மட்டும் தின்று வளர்ந்த கிளியின் வாயை நல்ல வெளிச்சத்தில் திறந்து பாருங்கள். அண்ணத்தின் நடுவில் நீளமான ஒரு பிளவு தெரியும். சுகமான கிளியில் அந்தப் பிளவின் இரு ஓரங்களிலும் சீப்புப் பல் போன்ற மெல்லிய முனைகள் நிமிர்ந்து நிற்கும். விற்றமின் ஏ குறைந்த கிளியில் அந்த முனைகள் மழுங்கித் தேய்ந்து, அருகில் சோற்றுப் பருக்கை அளவில் வெண்ணிறக் கட்டிகள் கிளம்பியிருக்கும். அடிக்கடி தும்மல், மூக்கடைப்பு, கண் வீக்கம் என்று கொண்டுவரப்படும் கிளிகளுக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தும் சுகம் வராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வாயினதும் மூக்கினதும் உட்தோல் தடித்து, கிருமி நுழைய வழி விட்டிருக்கிறது.

மாற்று நம் வளவிலேயே இருக்கிறது. பழுத்த பப்பாசி, பூசணி, அவித்த வற்றாளை, கரட், முருங்கை இலை, செத்தல் மிளகாய் ஆகியவற்றில் விற்றமின் ஏ ஆக உடல் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் நிறப்பொருள் நிறைய உண்டு. விற்றமின் ஏ சொட்டு மருந்தைத் தாமாக ஊற்றுவது ஆபத்தானது. அது ஈரலில் சேர்ந்து நஞ்சாகும். கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கழுவி வெயிலில் உலர்த்திக் கூட்டில் கட்டிவிட்டால், கல்சியமும் கிடைக்கும், சொண்டும் தேயும். அவகாடோப் பழத்தைப் பறவைகளுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

மைனாவின் குறை இதற்கு நேர்மாறானது. அதன் குடல் இரும்பை அளவுக்கு மேல் உறிஞ்சும். ஈரலில் இரும்பு தேங்கி, வயிறு வீங்கி, மூச்சு வாங்கி இறக்கும். நாய்த் தீனையும் பூனைத் தீனையும் ஊறவைத்துக் கொடுப்பது இந்த நோயை வலிந்து அழைப்பதற்குச் சமம், ஏனென்றால் அவற்றில் இரும்பு கூட. தோடை, தேசி போன்ற புளிப்புப் பழங்கள் இரும்பு உறிஞ்சப்படுவதைக் கூட்டுவதால் அவற்றையும் தவிர்த்து, பப்பாசி, வாழைப்பழம், பூச்சி என்று கொடுங்கள்.

குரங்கும் மந்தியும்

பிஸ்கட்டும் சோறும் தின்னும் குரங்குக் குட்டியின் முரசில் இரத்தம் கசிந்து, அது காலை ஊன்ற மறுத்தால் விற்றமின் சீ குறைவை நினையுங்கள். மனிதரைப் போலவே குரங்கும் அந்த விற்றமினைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ளாது. நாளுக்கு ஒரு துண்டு கொய்யாப்பழம் அதற்குப் போதும். ஆனால் பழமே தீன் என்று எண்ணுவதும் தவறு. நாம் பயிரிடும் வாழையும் மாம்பழமும் அத்தி, வீரை போன்ற காட்டுப் பழங்களை விடச் சீனி கூடியவை, நார் குறைந்தவை. இங்கிலாந்தின் பெய்ன்டன் மிருகக்காட்சிசாலை 2014 இல் தன் குரங்குகளுக்கு வாழைப்பழத்தை நிறுத்தியதற்கும் பற்சிதைவு, நீரிழிவு, வயிற்றுக் கோளாறு பற்றிய கவலையே காரணம். கறுத்த முகமும் நீண்ட வாலும் கொண்ட மந்தியின் நிலை இன்னும் நுட்பமானது. அது இலை தின்னி. மாட்டைப் போல அதன் இரைப்பையில் நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்தே செரிக்கின்றன. பாணும் சோறும் அந்த இரைப்பையில் அமிலமாகி வயிறு ஊதிவிடும்.

இதே விபத்துப் புள்ளிமானுக்கும் நேர்கிறது. கோயில் புக்கையையும் கலியாண வீட்டு மிச்சச் சோற்றையும் பாசத்தோடு கொண்டுவந்து கொட்டுவார்கள். மறுநாள் மான் படுத்துவிடும். மானுக்குப் புல்லும் இலைகுழையுமே தீன். எந்த மாற்றமும் பத்து நாளுக்குக் குறையாமல், பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிச் செய்யப்பட வேண்டும். தீன் வந்த பையைக் கூட்டுக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். உணவின் மணம் பிடித்த பொலித்தீனை விலங்கு உணவாகவே எண்ணும். அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இப்படி இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது.

ஆமை

நட்சத்திர ஆமைக்கு அறுகம்புல், செவ்வரத்தை இலையும் பூவும், சப்பாத்திக்கள்ளி ஆகியவை போதும். பாணும் சோறும் இறைச்சியும் வேண்டாம். காலை வெயில் நேரடியாகப் பட வேண்டும், கண்ணாடி வழியாக வரும் வெயிலில் விற்றமின் டீ உருவாகாது. ஒதுங்க நிழலும் ஈரமும் இருக்கட்டும். கண் வீங்கி மூடிய நீராமைக்குக் கண்மருந்தை விடத் தீன் மாற்றமே முதலில் தேவை; அங்கும் விற்றமின் ஏ குறைவே வழக்கமான காரணம்.

தீன் அறை

மாரி மழையில், கார்த்திகை முதல் தை வரை, நம் பக்கத்தில் மூட்டை ஈரமாகாமல் இருப்பது அரிது. சோளனிலும் கச்சானிலும் பச்சைப் பூஞ்சணம் படிந்தால் அதில் அஃப்லாடொக்சின் என்ற ஈரல் நஞ்சு இருக்கலாம். கழுவினாலும் அவித்தாலும் அது போகாது. பூத்த மூட்டையை முழுதாக எரித்துவிடுங்கள், பொறுக்கிப் பயன்படுத்த வேண்டாம். மாரிக்கு ஒரு கிழமைத் தீனுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். மூட்டையை நிலத்தில் வைக்காமல் பலகை மேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். எலியின் மூத்திரம் பட்ட தீன் எலிக்காய்ச்சலை விலங்குக்கும், அள்ளுபவருக்கும் கொண்டுவரும். செத்துப்போன கோழி மலிவாகக் கிடைக்கிறதென்று புலிக்கும் சிறுத்தைக்கும் போடுவது இதைவிடப் பெரிய ஆபத்து. 2004 இல் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிப் பண்ணையில் பறவைக் காய்ச்சல் தொற்றிய பச்சைக் கோழியால் 147 புலிகள் இறந்தன அல்லது கொல்லப்பட்டன. மருந்து ஏற்றி இறந்த மாட்டின் இறைச்சியும் கூடாது.

விலங்கு ஒரு நாள் முழுக்கத் தீனை மறுத்தாலும், நடை மாறினாலும், எச்சம் நின்றாலும் காத்திருக்காமல் மிருக வைத்தியரை அழையுங்கள். அழைக்கும்போது மூன்று பொருட்களை ஆயத்தமாக வைத்திருங்கள்: அந்த ஏழு நாட் கொப்பி, கழுவாமல் அப்படியே வைத்த நேற்றைய தட்டு, சுத்தமான போத்தலில் எடுத்த இன்றைய எச்சம். அவர் கூட்டைப் பார்ப்பதற்கு முன் தட்டைப் பார்க்கக் கொடுங்கள்.