18.9 நானோமீட்டருக்கு ஒரு வழி

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து என் அக்கா மகள் போன் செய்தாள். இயற்பியலில் முதுகலை படிக்கிறாள். "சின்னம்மா, எக்ஸ் கதிர் லேசர் செய்ய ஒரு கட்டடம் நிறைய லேசர் வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். நீங்கள் மேசைமேல் வைத்துச் செய்வதாக அம்மா சொல்கிறார். எதை நம்புவது?"

இரண்டையும் நம்பலாம். 1984இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் நோவெட் என்ற ராட்சத லேசரால் மெல்லிய செலினியப் படலத்தை அடித்துத்தான் முதன்முதலில் 20.6, 21.0 நானோமீட்டர் அலைநீளத்தில் எக்ஸ் கதிரின் பெருக்கத்தைக் காட்டினார்கள். செலவான ஆற்றல் கிலோஜூல் கணக்கு. அதே லிவர்மோரில் 2005இல் மாலிப்டினத் தகட்டை மொத்தம் 150 மில்லிஜூலில் அடித்து, நொடிக்கு 10 முறை, 18.9 நானோமீட்டர் லேசரை எடுத்தார்கள். நடுவே மாறியது லேசரின் பலம் அல்ல, அடிக்கும் முறை. அந்த முறையை என் கை பட்ட அளவில் எழுதுகிறேன். நான் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள்; தமிழ் எழுத்து கோயில் மண்டபத்துச் சனிக்கிழமை வகுப்பில் வந்தது, பிளாஸ்மா பாடம் ஆய்வகத்தில் வந்தது. அதனால் பல்ஸ் (லேசரின் ஒரு குறுகிய அடி), சேம்பர் (காற்றில்லாத அறை), ஃபில்டர் என்று எங்கள் ஆய்வகப் பேச்சு அப்படியே வரும்.

சாதாரண லேசரில் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒளி போய்ப் போய் வரும். இங்கே அதற்கு நேரமில்லை. லேசர் அடியில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து உருவாகும் சூடான பிளாஸ்மாவில் பெருக்கம் நீடிப்பது சில பிக்கோ விநாடிதான் (பிக்கோ விநாடி என்பது விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). 10 பிக்கோ விநாடியில் ஒளியே 3 மில்லிமீட்டர்தான் நகரும். கண்ணாடி வைத்தாலும் ஒளி திரும்பி வருவதற்குள் கடை மூடியிருக்கும். ஆகவே ஒரே ஓட்டம். நீளமான, மெல்லிய பிளாஸ்மாக் கோடு ஒன்றைச் செய்து, அதன் ஒரு முனையில் பிறக்கும் ஒளி மறு முனைக்குப் போவதற்குள் வளர்ந்துவிட வேண்டும்.

டார்கெட்டுக்கு, அதாவது அடிபடும் தகட்டுக்கு, முதலில் மாலிப்டினத்தையே எடுங்கள். அதில் 42 எலக்ட்ரான். 14ஐ உரித்துவிட்டால் மிச்சம் 28, நிக்கலுக்கு உள்ள அதே எண்ணிக்கை. வெளிக்கூடு நிரம்பி மூடியிருப்பதால் அந்த அயனி லேசில் அடுத்த படிக்கு உரியாது. வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பிளாஸ்மாவில் அதுவே அதிகமாக இருக்கும். எலக்ட்ரான்கள் மோதி அதை மேல் நிலைக்குத் தள்ளுகின்றன. அந்த மேல் நிலையிலிருந்து ஒளி விட்டுக்கொண்டு நேராக அடி நிலைக்கு இறங்க வழி அடைத்திருக்கிறது. நடு நிலையோ சட்டென்று காலியாகிறது. மேலே கூட்டம், நடுவே காலி. லேசருக்கு வேண்டியது அதுதான். வெள்ளி இதே வழியில் 13.9 நானோமீட்டர் தரும், பலேடியம் 14.7. டைட்டானியம் நியானைப் போல 10 எலக்ட்ரானோடு நின்று 32.6 தரும், 1997இல் பெர்லினில் நிக்கிள்ஸ் குழு சில ஜூலிலேயே முடித்துக் காட்டியது அதை வைத்துத்தான்.

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர் மண் நினைவுக்கு வரும். பலேடியம் ரஸ்டன்பர்க் பக்கத்துச் சுரங்கத்தில் கிடைக்கிறது. டைட்டானியமும் சிர்க்கோனியமும் ரிச்சர்ட்ஸ் பே கடற்கரை மணலில் இருக்கின்றன. தோண்டி எடுப்பது நாம். அதே உலோகம் மெருகேறிய தகடாகத் திரும்பி வரும்போது விலைச்சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதும் நாம். மாலிப்டினம் அந்த அளவுக்குக் கையைக் கடிக்காது. ஒரு முகம் கண்ணாடி போல மெருகேறியிருந்தால் போதும்.

அடுத்தது அடி. ஒரே அடியாக அடித்தால் என்ன ஆகும் என்று அக்கா மகள் கேட்டாள். தகட்டை ஒட்டியே பிளாஸ்மாவின் அடர்த்தி செங்குத்துச் சரிவாக நிற்கும். எக்ஸ் கதிர் அந்தச் சரிவில் வளைந்து, வளர வேண்டிய இடத்தை விட்டு வெளியே ஓடிவிடும். ஆகவே இரண்டு அடி. முதல் பல்ஸ் மெதுவானது: சுமார் 200 பிக்கோ விநாடி நீளம், சதுர சென்டிமீட்டருக்கு 10¹² வாட் அளவு. அது தகட்டின் மேல்தோலைப் பிளாஸ்மாவாக்கிவிட்டுப் போகும். சில நூறு பிக்கோ விநாடி பொறுத்தால் பிளாஸ்மா விரிந்து, சரிவு தணிந்து படியும். அப்புறம் ஒன்றிரண்டு பிக்கோ விநாடியே நீளமான இரண்டாவது பல்ஸ், முன்னதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு செறிவோடு வந்து எலக்ட்ரான்களைச் சூடேற்றும். தீமிதிக்குக் குழி தயார் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். விறகை எரித்து, கங்குகளை வாரிப் பரப்பி, மட்டமாக்க எத்தனை மணி நேரம்! நடந்து கடப்பது சில நொடி. குழியில் மேடு பள்ளம் இருந்தால் நடக்கிறவரின் வேகம் அவரைக் காப்பாற்றாது.

இரண்டாவது பல்ஸை எந்தக் கோணத்தில் விடுவது என்பதில்தான் 2005இன் சிக்கனம் இருக்கிறது. நேர் எதிரே விட்டால் அது பெருக்கத்துக்குத் தோதான பகுதியைத் தாண்டி, தகட்டை ஒட்டிய அடர்ந்த பகுதி வரை போய் அங்கே ஆற்றலைக் கொட்டும். தகட்டை உரசுவது போலச் சாய்வாக விட்டால் நடுவழியிலேயே வளைந்து திரும்பும். திரும்பும் இடத்தில் நெடுநேரம் தங்கி, அங்கேயே ஆற்றலை இறக்கும். எங்கே திரும்பும் என்பது கோணத்தின் கையில். எங்கள் லேசரின் 800 நானோமீட்டர் ஒளி பிளாஸ்மாவில் நுழையக்கூடிய உச்ச அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.7 × 10²¹ எலக்ட்ரான். தகட்டின் பரப்புக்கும் கற்றைக்கும் இடையிலுள்ள கோணத்தின் சைன் மதிப்பை வர்க்கப்படுத்தி அதோடு பெருக்குங்கள். 14 பாகையில் 10²⁰ வரும். 20 பாகையில் 2 × 10²⁰. மாலிப்டினத்துக்கு இந்த வட்டாரம் போதும். நாங்கள் 20இல் வைத்திருக்கிறோம். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, எங்கள் சேம்பரில் ஜன்னல் இருக்கும் இடம் அது.

சாய்வில் இன்னொரு லாபம் இனாமாக வரும். பல்ஸ் கோட்டின் ஒரு முனையில் முதலில் பட்டு மறு முனைக்கு ஓடுகிறது. எக்ஸ் கதிரும் அதே திசையில் கூடவே ஓடுகிறது. 20 பாகையில் அடி நகரும் வேகம் ஒளியைவிட 6 சதவீதம்தான் அதிகம். 4 மில்லிமீட்டர் கோட்டில் இரண்டுக்கும் ஒரு பிக்கோ விநாடிகூட வித்தியாசம் வராது. ஆனால் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பல்ஸ் போகும் திசையில் வையுங்கள். எதிர்ப் பக்கம் வைத்துவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்று உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அலைன்மென்ட். முக்கால்வாசி வேலை இதுதான். இரண்டு பல்ஸும் தகட்டில் 4 மில்லிமீட்டர் நீளம், 25 மைக்ரான் அகலம் உள்ள கோடாக விழ வேண்டும். முதல் பல்ஸுக்கு நாங்கள் உருளை லென்ஸும் சாதாரண லென்ஸும் சேர்த்து வைத்திருக்கிறோம். சாய்ந்து வரும் பல்ஸுக்கு ஒரு கோளக் கண்ணாடியே போதும். சாய்த்துப் பிடித்தால் அதுவே புள்ளியைக் கோடாக இழுத்துவிடும். முதலில் கடை பில் அடிக்கும் வெப்பத் தாளை டார்கெட் இருக்கும் இடத்தில் ஒட்டி, குறைந்த ஆற்றலில் அடித்து, கரும் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். அப்புறம் மைக்ரோஸ்கோப் லென்ஸ் மாட்டிய கேமராவைக் கொண்டுவந்து இரண்டு கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றுங்கள்.

இங்கேதான் நான் மூன்று வாரம் தொலைத்தேன். கேமராவில் நடுப்பகுதியை மட்டும் பார்த்துக் கோடுகள் அச்சாகப் பொருந்திவிட்டன என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். உண்மையில் ஒரு கோடு மற்றதைவிட அரைப் பாகை திரும்பியிருந்தது. அரைப் பாகைதானே என்று தோன்றும். நடுவிலிருந்து முனை 2 மில்லிமீட்டர் தூரம்; அங்கே விலகல் 17 மைக்ரான். கோட்டின் அகலமே 25. அதாவது இரண்டு முனையிலும் இரண்டாவது பல்ஸ் பாதிக்கு மேல் வெறும் தகட்டில் அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் 2 மில்லிமீட்டர்தான் உருப்படியான பிளாஸ்மா. ஸ்பெக்ட்ரத்தில் மங்கலாக ஏதோ தெரியும், ஆனால் வளராது. நான் ஆற்றலைக் கூட்டினேன், தாமதத்தை மாற்றினேன், டார்கெட்டைக் குறை சொன்னேன். கடைசியில் ஊசித்துளை எக்ஸ் கதிர் கேமரா ஒன்றை மேலே பொருத்திப் பார்த்தபோது கோட்டின் முனைகள் மீன்வால் மாதிரி பிரிந்து கிடந்தன. உருளை லென்ஸைச் சற்றுத் திருப்ப ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஊசித்துளைக் கேமராவை முதல் நாளே வையுங்கள். கேமராவை நகர்த்தி மூன்று இடத்தில், நடுவிலும் இரு முனையிலும், பொருத்தம் பாருங்கள்.

இரண்டு பல்ஸுக்கும் இடையிலான தாமதத்துக்கு ஒரு பல்ஸின் பாதையில், கண்ணாடி வைத்த நகரும் மேடை வேண்டும். ஒளி போய் வருவதால் மேடையை 15 சென்டிமீட்டர் நகர்த்தினால் ஒரு நானோ விநாடி. இரண்டும் சேர்ந்து வரும் இடத்தை வேகமான ஃபோட்டோ டயோடில் பிடித்து அதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, 500 பிக்கோ விநாடியில் தொடங்கி இரு பக்கமும் தேடுங்கள்.

இந்த அலைநீளத்தைக் காற்று விழுங்கிவிடும், அதனால் எல்லாமே வேக்குவத்துக்குள். 10⁻⁵ மில்லிபார் வந்தால் நிம்மதி. ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு முன்னால் அரை மைக்ரான்கூட இல்லாத அலுமினியப் படலம் ஒன்று நிற்கும். இதுதான் ஃபில்டர். தகட்டை அடிக்கும் லேசரின் ஒளியைத் தடுத்து 17.1 நானோமீட்டருக்கு மேலுள்ள மென் எக்ஸ் கதிரை விடும். அந்த 17.1இல் ஸ்பெக்ட்ரம் சுவர் வைத்தது போல வெட்டுப்படும். அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: சுவருக்குச் சற்றுத் தள்ளி, நீள அலைப் பக்கத்தில், 18.9 இருக்கும். படலத்தில் ஊசித்துளை இருக்கிறதா என்று மாட்டுவதற்கு முன் விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள்.

மின்வெட்டு அட்டவணை நம் வாழ்க்கையில் ஒரு பஞ்சாங்கமாக ஆகிப்போன வருஷங்களில் இந்தப் படலத்தால் நான் பட்ட பாடு தனிக் கதை. அட்டவணையில் இல்லாத ஒரு நேரத்தில் மின்சாரம் போனது. வேக்குவம் பம்புகள் நின்றன. சேம்பரைப் பம்போடு இணைக்கும் பின் குழாய் வழியாகக் காற்று ஏறியது, கூடவே எண்ணெய் வாடையும். பழைய சீட்டைக் கிழித்த மாதிரி படலம் நடுவில் பிளந்தது. ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒளியைப் பிரிக்கும் கிரேட்டிங் மயிரிழையில் தப்பியது. இப்போது பின் குழாயில், மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு இருக்கிறது. யுபிஎஸ் முழு லேசரையும் தாங்க வேண்டியதில்லை. வால்வு, அழுத்தமானி, சிசிடி கேமராவின் குளிர்விப்பு, இந்த மூன்றும் அதில் இருந்தால் போதும். டார்கெட்டிலிருந்து தெறிக்கும் உலோகத் தூசு கோளக் கண்ணாடியில் படியாமல் முன்னால் ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு வைத்து, அது மங்கும்போது மாற்றுங்கள்.

கோடு தெரிந்துவிட்டால் உடனே லட்டு வாங்கப் போகாதீர்கள். பிளாஸ்மா எத்தனையோ கோடுகளைத் தன்பாட்டுக்கு வீசும். லேசரா என்று கேட்க வேண்டியது நீளத்திடம். 1, 2, 3, 4 மில்லிமீட்டர் என்று படிப்படியாக வெட்டிய தகடு ஒன்றைச் செய்து வரிசையாக அடியுங்கள். வெறும் ஒளிர்வு என்றால் இரண்டு மடங்கு நீளத்துக்கு இரண்டு மடங்கு வெளிச்சம். லேசர் என்றால் கணக்கே வேறு. பெருக்கம் சென்டிமீட்டருக்கு 40 என்று வைத்துக்கொண்டால், 2இலிருந்து 3 மில்லிமீட்டர் போகும்போதே நாற்பது ஐம்பது மடங்கு ஏறும். பக்கத்துக் கோடுகள் அப்படியே இருக்க, இது மட்டும் கேமராவைக் குருடாக்கும். பெருக்கத்தையும் நீளத்தையும் பெருக்கி வரும் எண் 15ஐ நெருங்கும்போது வளர்ச்சி அடங்கி நேர்கோடாகும். அதுதான் நிறைவு நிலை. கற்றை சில மில்லிரேடியன் விரிவோடு, தகட்டின் பரப்பிலிருந்து சற்று விலகி வரும் என்பதும் நினைவிருக்கட்டும். ஸ்பெக்ட்ரோமீட்டரை அந்தச் சிறு கோணத்துக்கு நகர்த்தித் தேட வேண்டும்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: இந்த எக்ஸ் கதிர் எஃகுச் சுவரைத் தாண்டாது. ஆபத்து 800 நானோமீட்டர் கற்றையில்தான், கண்ணுக்கு அது தெரியவே தெரியாது என்று சொல்லலாம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மோதிரம் வளையல் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். என் தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு மேல் பொத்தானையும் போட்டுக்கொள்வேன்.

மாலிப்டினத்தில் தினமும் காலையில் கோடு வருகிறது என்ற நிலை வந்த பிறகு வெள்ளிக்குப் போகலாம். கோணத்தை 23 பாகைக்கு ஏற்றுங்கள், ஆற்றலும் கூடுதலாக வேண்டும். அலுமினியப் படலத்தைக் கழற்றிச் சிர்க்கோனியம் போடுங்கள். 13.9 நானோமீட்டரை அலுமினியம் மொத்தமாக விழுங்கிவிடும். இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு வரை வெள்ளித் தகட்டை அடித்து அடித்து, ஒன்றும் வராமல், கோடுகளை மறுபடி பொருத்தி, தாமதத்தைத் தேடி, கடைசியில் சேம்பரைத் திறந்தபோது உள்ளே பழைய அலுமினியம் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.