எல் அட்டை ஒட்டினால் மட்டும் போதாது: பினாங்கில் காடி (கார்) ஓட்டக் கற்க வருகிறவர்களுக்கு

இங்கேயும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான். வண்டிகளும் இடப்பக்கமாகவே போகின்றன. நம்மைக் கவிழ்ப்பதே அதுதான். அமெரிக்கா போகிறவள் எல்லாமே தலைகீழ் என்று பயந்து, முதலிலிருந்து கற்றுக்கொள்கிறாள். பினாங்கில் இறங்குகிற நாம், "எல்லாம் நம்மூர் மாதிரிதானே" என்று இரண்டாம் வாரமே சாவியைக் கேட்கிறோம். நானும் கேட்டேன். அந்தச் சாவிக்கு எங்கள் வீடு கொடுத்த விலை 3,850 வெள்ளி. (இங்கே தமிழர் வாயில் ரிங்கிட் என்ற சொல் வராது, வெள்ளிதான். முதல் வாரம் மளிகைக் கடைக்காரர் "ரெண்டு வெள்ளிம்மா" என்றதும் நான் குனிந்து என் கொலுசைப் பார்த்தேன்.)

முதலில், நம்மூர் லைசென்ஸை மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். என் வீட்டுக்காரர் 2018-இல் வந்தவர். தமிழ்நாட்டு லைசென்ஸைக் கொடுத்து, கடிதம் கிடிதம் என்று சில மாதம் அலைந்து, மலேசிய லைசென்ஸாக மாற்றிக்கொண்டார். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் மதுரையிலிருந்து என் அட்டையைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தேன். 2025 மே 19 முதல் வேலை பெர்மிட்டிலும் குடும்பப் பெர்மிட்டிலும் இருக்கும் வெளிநாட்டவருக்கு அந்த வழியை மூடிவிட்டார்கள். நான் இறங்கியது ஜூலையில். இங்கே வாழ்ந்து வண்டி ஓட்ட வேண்டுமென்றால் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து எடுக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் ஸ்கூட்டி ஓட்டியவள், மாட்டுத்தாவணி நெரிசலில் கார் எடுத்தவள் என்பதெல்லாம் அந்த கவுண்டரில் செல்லாது.

"பழைய தேதி போட்டு மாத்தித் தரேன்", "வகுப்புக்கே போக வேண்டாம், லைசன் வீட்டுக்கு வரும்" என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஏஜென்ட்டுகளை நம்பாதீர்கள். இதற்கு இங்கே "லெசன் தெர்பாங்" என்று பேரே இருக்கிறது, பறக்கும் லைசென்ஸ். "காப்பி-ஓ லைசன்" என்றும் சொல்வார்கள். பிடிபட்டால் நாம் பெர்மிட்டில் இருக்கிறவர்கள். உள்ளூர்க்காரன் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவான், நம் பாடு அப்படி இல்லை.

அரசாங்க வழி என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பள்ளியிலேயே விளக்குவார்கள். காருக்கு 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். பாஸ்போர்ட், பெர்மிட் இரண்டும் கையில் இருக்கட்டும். முதலில் கேபிபி 01 என்கிற ஆறு மணி நேர வகுப்பு. அப்புறம் கணினித் தேர்வு, 50 கேள்விக்கு 42 சரியாக இருக்க வேண்டும். நம்மூர் எல்எல்ஆர் தேர்வை நினைத்து அலட்சியமாகப் போகாதீர்கள், கேள்விப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போங்கள். அதில் தேறினால் எல் லைசென்ஸ் கைக்கு வரும். பிறகு பள்ளி மைதானத்தில் பயிற்சி, சாலையில் பயிற்சி, பள்ளியே வைக்கும் முன்தேர்வு, கடைசியாக ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அதிகாரி முன்னால் தேர்வு. சேரும்போதே கியர் வண்டியா, ஆட்டோவா (கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார்) என்று கேட்பார்கள். டி என்றால் இரண்டும் ஓட்டலாம், டிஏ என்றால் ஆட்டோ மட்டும். இங்கே தெருவில் பாதிக்கு மேல் ஆட்டோதான் என்று எல்லோரும் டிஏ எடுக்கிறார்கள். நான் டி எடுத்தேன். அம்பாசடரில் கிளட்ச் பழக்கிய அப்பாவுக்கு நான் வேறு என்ன பதில் சொல்ல?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எல் லைசென்ஸ் கைக்கு வந்த அன்று இரவே நான் இரண்டு வெள்ளை அட்டை வெட்டி, சிவப்பு மையில் எல் எழுதினேன். பதினெட்டு சென்டிமீட்டர் சதுரம், அளவெடுத்து. நம்மூர்ச் சட்டப்படி அப்படித்தான். எல் அட்டையை முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய மாதிரி உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒருவர் அப்பாவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம். தண்ணீர் இல்லாத வைகைக்குள் இறங்கி, கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் திட்டத் திட்ட, அப்பா கைப்பிரேக்கில் கை வைத்தபடி எனக்குக் கற்றுக்கொடுத்தது அப்படித்தான். எங்கள் தெருவில் காசு கொடுத்துப் பள்ளிக்குப் போனவர்களைவிட அப்பாவிடமும் மாமாவிடமும் கற்றவர்கள்தான் அதிகம்.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார, அவருடைய அக்சியா காரை, ஆட்டோதான், நான் எடுத்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைச் சாலைகள் ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும். ஒரு மணி நேரம் அழகாக ஓட்டினேன். அந்தத் திமிரிலேயே திரும்பும்போதும் நானே ஓட்டினேன். வீட்டுக்கு முந்தின சந்தில் ரொட்டி சானாய்க் கடை. முன்னால் போன மோட்டார் (பைக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) சட்டென்று நின்றது. கியர் வண்டிக்குப் பழகிய என் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடியது, வலது கால் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரில் இறங்கியது. முன்னால் நின்ற ஆளைத் தவிர்க்க ஒடித்தேன், ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு பாக்சிக்கின் (மலாய்ப் பெரியவர்) மோட்டார் மேல் ஏறிவிட்டேன். நல்லவேளை, அவர் உள்ளே தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அவர் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியில் ஒட்டியிருந்த என் எல் அட்டையைப் பார்த்தார். கோபப்படவே இல்லை. எனக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இங்கே விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் செய்ய வேண்டும். கிளம்பும் முன் நண்பர் ஒருவர் போனில், "தங்கச்சி, அண்ணன்தான் ஓட்டினார்னு சொல்லிடு, ஜோலி முடிஞ்சுது" என்றார். உண்மையைச் சொல்கிறேன், நாங்கள் அரைமனதாக இருந்தோம். ஆனால் பாக்சிக் என்னை ஸ்டியரிங்கில் பார்த்திருக்கிறார், தண்ணீர் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவரை எங்கள் பொய்க்குச் சாட்சியாக்க மனம் வரவில்லை. நீங்களும் அந்தப் பக்கமே போகாதீர்கள். பொய் ரிப்போர்ட் தனிக் குற்றம்.

நிலையத்தில் அதிகாரி "லெசன் மானா?" என்றார். லைசென்ஸ் எங்கே என்று கேட்கிறார். எனக்கு அப்போதும் பயமில்லை. எல் லைசென்ஸை நீட்டினேன், பக்கத்திலேயே வீட்டுக்காரரின் லைசென்ஸையும் வைத்தேன். அவர் இரண்டையும் பார்த்துவிட்டு அடுத்த கேள்வி கேட்டார்: "சிக்கு மானா?"

ஆசிரியர் எங்கே?

அந்த இரண்டு சொல்லில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. இங்கே காருக்கான எல் லைசென்ஸ் என்பது, அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது பயிற்சி எடுக்க மட்டும் கொடுக்கப்படுவது. கணவர், அப்பா, முப்பது வருடம் லாரி ஓட்டிய சித்தப்பா, யாரும் பயிற்றுநர் ஆக மாட்டார்கள். பள்ளிக் காரில் பயிற்றுநர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது. எங்கள் அக்சியாவில் வீட்டுக்காரர் பக்கம் இருந்தது ஒரு முறுக்குப் பாக்கெட். சொந்தக் காரில் நான் உட்கார்ந்த நிமிடமே, எல் அட்டை எத்தனை ஒட்டியிருந்தாலும், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவள் கணக்கு. அதற்குச் சட்டத்தில் 300 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்ட விட்டவருக்கும் அதே பிரிவுதான். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

எங்களுக்கு ஆளுக்கு 300 வெள்ளி சமன் (போக்குவரத்து அபராதம்), விபத்துக்கு என் பேரில் இன்னொரு 300. அதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது. பாக்சிக்கின் மோட்டாருக்கு 1,150, எங்கள் காரின் முன்பக்கத்துக்கு 1,800. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தோம். ஆனால் ஓட்டியவருக்குச் சட்டப்படி ஓட்டும் தகுதி இல்லை என்று ஒற்றைப் பக்கக் கடிதத்தில் கைவிரித்துவிட்டார்கள். பாலிசித் தாளை எடுத்துப் பார்த்தால், அந்த வரி மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. வருடா வருடம் பணம் கட்டுகிற நாம் யார் அதைப் படித்தோம்? ஒன்று நினைத்துப் பாருங்கள், மோட்டாருக்குப் பதில் அந்த இடத்தில் ஓர் ஆள் நின்றிருந்தால்? அதை நினைத்த இரவுகளில் நான் தூங்கவில்லை.

கீழ்வீட்டு அக்கா இந்த ஊரிலேயே பிறந்தவர். கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, எல்ல வச்சிக்கிட்டு சொந்தக் காடிய எடுத்தியா? சின்னப் புள்ளைக்கே தெரியும்லா இது!" அதுதான் பிரச்சினையே. சின்னப் பிள்ளைக்கே தெரிந்த விஷயம் என்பதால்தான் ஒருவரும் நமக்குச் சொல்வதில்லை. பள்ளியிலும் சொல்லவில்லை. கேட்டால் "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார்கள்.

அதன்பிறகு ஒழுங்காகச் சிக்குவிடம் போனேன். ஓட்டுநர் ஆசிரியரை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் சிக்கு அறுபது வயதுத் தமிழர், பேச்சு குறைவு. முதல் நாள் நான் மூன்று முறை ஹாரன் அடித்ததும் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். "இங்க ஹாரன் அடிச்சா சண்டைக்குக் கூப்பிடற மாதிரிம்மா. மதுரையில அது வணக்கமா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஊர் ஞாபகத்தில் தொண்டையும் அடைத்தது. மதுரையில் அது வணக்கம்தான்.

பள்ளியில் கொடுக்கிற மணி நேரம் உங்களுக்குப் போதாவிட்டால் கூடுதல் மணி நேரம் காசு கொடுத்து வாங்குங்கள். அநியாய விலைதான். ஆனாலும் நான் கொடுத்த 3,850-க்கு எத்தனையோ மணி நேரம் வாங்கியிருக்கலாம். சேரும் முன்பே கூடுதல் மணிக்கு என்ன விலை, ஒரு தேர்வில் தவறினால் மறுபடி எழுத எவ்வளவு என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "கண்டிப்பா பாஸ்" என்று தனியாகக் காசு கேட்கிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேர்வில் நம்மவர்கள் விழுகிற இடம் புக்கிட், அதாவது மேடு. மேட்டில் கோட்டுக்குள் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். ஊரில் அரைக் கிளட்சிலேயே பாலம் ஏறிப் பழகிய கால் இங்கே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு பக்கவாட்டில் நிறுத்துவது, மூன்று முறை ஒடித்துத் திருப்புவது. சாலையில் எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து பேட்டரி, எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் எண்ணெய், வைப்பர் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்ல வேண்டும். அப்பா இதை அம்பாசடரில் தினமும் காலையில் செய்வார், நாங்கள் சிரிப்போம். அன்றைக்கு நான் சொல்லச் சொல்ல தேர்வு அதிகாரி அம்மையார் தலையாட்டி எழுதிக்கொண்டே போனார்.

தேறியதும் புது ஓட்டுநருக்கான பி லைசென்ஸ், இரண்டு வருடத்துக்கு. பி ஸ்டிக்கர் முன்னும் பின்னும் இருக்க வேண்டும். இப்போது வீட்டுக்காரர் காரை எடுத்துப் போனால் கழற்றுகிறார், நான் எடுத்தால் ஒட்டுகிறேன். இந்த இரண்டு வருடத்தில் கெஜாரா புள்ளி (போக்குவரத்துக் குற்றத்துக்குப் போடும் தண்டனைப் புள்ளி) பத்து சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து, மறுபடி முதலிலிருந்து. சிவப்பு விளக்கை "யாரும் இல்லையே" என்று தாண்டுகிற பழக்கம் இருந்தால் விமானத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

போன வாரம் வீடியோவில் காரைக் காட்டியபோது அப்பா, "அது என்னடா, பி?" என்று கேட்டார். பழகுநர் முடிந்து அடுத்த படி என்றேன். "நான் சொல்லிக்கொடுத்ததுக்கு அப்புறமும் படியா?" என்றார். மோட்டார் கதை அவருக்கு இன்னும் தெரியாது. அடுத்த மாதம் வருகிறார், ஒரு மாதம் இருப்பார். கூடவே என் தங்கையும், ஊர் லைசென்ஸோடு, கார் ஓட்டும் ஆசையோடு. சாவியை அரிசி டப்பாவுக்குள் மாற்றி வைத்துவிட்டேன்.