கேனில் அடைக்கும் குளிர்பானம்: பாகிலிருந்து விளம்பரம் வரை

குளிர்பானத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால் முதல் கவனம் அதற்கே. குளோரின் வாடை சுவையைக் கெடுக்கும். கிளர்வூட்டிய கரி வடிகட்டியால் அதை நீக்க வேண்டும். தண்ணீரில் காரத்தன்மை மிகுந்திருந்தால், பின்னர் சேர்க்கும் அமிலத்தில் ஒரு பகுதியை அது முறித்துவிடும். புளிப்பு ஒரு நாள் போல் மறுநாள் இராது. கரைந்திருக்கும் காற்றையும் வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் நிரப்பும்போது நுரை பொங்கும்.

அடுத்தது பாகு. சர்க்கரையைக் கரைத்து வடிகட்டிய பின், கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட் சேர்ப்பதாக இருந்தால் அதை அமிலத்துக்கு முன்பே தனியே கரைத்து ஊற்ற வேண்டும். வரிசை மாறினால் பென்சாயிக் அமிலம் படிகமாகப் பிரிந்து அடியில் தங்கும். வைட்டமின் சி உள்ள பானத்தில் பென்சோயேட்டைத் தவிர்ப்பதே நல்லது, ஏனெனில் இரண்டும் சேர்ந்தால் மிகச் சிறிய அளவில் பென்சீன் என்னும் நச்சுப்பொருள் உருவாகலாம். சிட்ரிக் அல்லது பாஸ்பாரிக் அமிலத்தையும், எளிதில் ஆவியாகும் நறுமணச் சாரத்தைக் கடைசியாகவும் சேர்த்து, ஒரு பங்கு பாகுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு தண்ணீர் என்று கலப்பது வழக்கம். கலந்த பானத்தின் இனிப்பு பொதுவாக 10 முதல் 12 பிரிக்ஸ் (எடையில் சர்க்கரையின் சதவீதம்) வரை இருக்கும்.

கரியமில வாயு குளிர்ந்த நீரில்தான் நன்றாகக் கரையும். எனவே பானத்தை உறைநிலைக்குச் சற்று மேலே குளிர்வித்து, பானத்தின் கன அளவைப் போல மூன்று முதல் நான்கு மடங்கு வாயுவை அழுத்தத்தில் செலுத்துவார்கள். வாயு தானே சிறிது புளிப்பைத் தரும், குளிர்ச்சி இனிப்பைக் குறைத்துக் காட்டும். ஆகவே வாயு ஏற்றாத பாகை நக்கிப் பார்த்துச் செய்முறையை முடிவு செய்வது வீண் வேலை.

கேனின் அலுமினியச் சுவர் சுமார் 0.1 மி.மீ. தடிமன்தான். வெறும் கேனைக் கையால் நசுக்கிவிடலாம். நிரம்பிய கேன் அடுக்கின் பாரத்தைத் தாங்குவது உள்ளிருக்கும் அழுத்தத்தால். வாயு இல்லாத பானத்துக்கு மூடுவதற்குச் சற்று முன் ஒரு சொட்டுத் திரவ நைட்ரஜன் விடுவதும் இதற்காகவே. உட்புறப் பூச்சு அமிலமும் உப்பும் உலோகத்தைத் தொடாமல் காக்கிறது. அது எல்லாப் பானத்துக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. செய்முறையை உறுதி செய்யும் முன்பே கேன் தயாரிப்பாளரிடம் பானத்தைக் கொடுத்துப் பூச்சு தாங்குமா என்று சோதிக்கச் சொல்ல வேண்டும். பலர் இதைத் தள்ளிப்போட்டு, மாதங்கள் கழித்து ஒழுகும் கேன்களோடு நிற்கிறார்கள்.

நிரப்பும் முன் கேனுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி அழுத்தத்தைச் சமன் செய்தால் பானம் பொங்காமல் இறங்கும். உடனே மூடியின் விளிம்பையும் உடலின் விளிம்பையும் இரண்டு கட்டமாக மடித்து இறுக்குவார்கள். மூடியின் மூன்று அடுக்கும் உடலின் இரண்டு அடுக்கும் இந்தச் சீமிங் மடிப்பில் சேர்கின்றன. குறித்த இடைவெளியில் சில கேன்களை எடுத்து, மடிப்பை வெட்டி அளந்து பார்ப்பதில் சலுகையே கூடாது. குளிர்ந்த கேனை அப்படியே அட்டைப்பெட்டியில் வைத்தால் வியர்த்து அட்டை ஊறும் என்பதால், முதலில் வெந்நீர் தெளித்து அறை வெப்பநிலைக்குக் கொண்டுவருவார்கள். பழச்சாறு கலந்ததை மூடிய பின் சூடாக்கிக் கிருமிகளை அழிப்பதும் (பாஸ்டரைஸ்) உண்டு.

விளம்பரம் கேனின் மேற்பரப்பிலேயே தொடங்கிவிடுகிறது. நேரடியாக அச்சிட்ட கேனுக்குப் பெரிய அளவில் ஆர்டர் தர வேண்டியிருக்கும். சிறு தயாரிப்பாளர்கள் வெற்றுக் கேனில் சுருங்கு உறையோ ஒட்டும் லேபிளோ போட்டுச் சந்தையைச் சோதிப்பது புத்திசாலித்தனம். புதிய பானத்துக்குப் பெரிய பலகைகளைவிடக் கடையின் குளிர்பெட்டியில் கண் மட்டத்தில் ஓர் இடமும், நன்கு குளிர்ந்த இலவச மாதிரியும் அதிகம் உதவும் என்பது என் கருத்து. 330 மி.லி. சர்க்கரைப் பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கும்போது உடல்நலம் பேசும் வாசகங்களை எழுதுவது முறையல்ல; குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரமும் வேண்டாம். விளம்பரத் தேதியைக் கேன் சோதனையின் முடிவு வந்து, சரக்கு கடைகளைச் சேர்ந்த பிறகே அறிவிக்கலாம்.