துறுதுறுப்பான நாயைப் போட்டிக்களத்துக்குத் தயார்ப்படுத்துவது எப்படி?

கழுத்துப்பட்டையைக் கையில் எடுத்தவுடனேயே வாசலுக்கும் கூடத்துக்குமாகப் பத்து முறை ஓடிவரும் நாயை வளர்ப்பவர்களுக்கு, இதை ஏதேனும் ஒரு விளையாட்டில் இறக்கிப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் ஒருநாள் வந்தே தீரும். அந்த எண்ணத்தைத் தாராளமாகச் செயல்படுத்தலாம். அதன் துள்ளலை அடக்கிவிடாமல், உங்கள் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கப் பழக்குவதுதான் இதில் பெரும்பகுதி வேலை.

முதலில் எந்த விளையாட்டு என்பதை முடிவு செய்ய வேண்டும். பலரும் விரும்புவது அஜிலிட்டி எனப்படும் தடைதாண்டும் ஓட்டம். 1978இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகள் தடைதாண்டும் போட்டியை முன்மாதிரியாகக் கொண்டு, பார்வையாளர்களை மகிழ்விப்பதற்காக நடத்தப்பட்ட இடைநேர நிகழ்ச்சியிலிருந்து இது வளர்ந்தது. ஃப்ளைபால் என்பது நான்கு நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு தடைகளைத் தாண்டிச் சென்று, பெட்டியிலிருந்து எகிறும் பந்தைக் கவ்விக்கொண்டு திரும்பும் தொடர் ஓட்டம். அங்கே குரைப்பும் கூச்சலும் மிகுதி என்பதால், ஏற்கெனவே எளிதில் கொதித்தெழும் நாய்க்கு அதை முதல் விளையாட்டாக நான் பரிந்துரைக்க மாட்டேன். வழியில் வைத்திருக்கும் பலகைகளின் குறிப்புப்படி நாயும் நீங்களும் சேர்ந்து நடக்கும் ராலி, தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றது. வயதான நாய்க்கும் பிற நாய்களைக் கண்டால் மிரளும் நாய்க்கும் மோப்பப் போட்டி பொருந்தும்.

அஜிலிட்டியைத் தேர்ந்தெடுத்தால் அவசரம் கூடாது. சர்வதேச நாய்க் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. தன் அஜிலிட்டி போட்டிகளில் 18 மாதம் நிறையாத நாயை அனுமதிப்பதில்லை. எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சிப் பகுதி முதிர்வதற்கு முன் உயரத் தாண்டினால் மூட்டுகள் கெடும் அபாயம் உண்டு என்பதால், குட்டிப் பருவத்தில் குறுக்குக் கம்பைத் தரையில் வைத்துக் கடக்கப் பழக்கினாலே போதும். பயிற்சியைத் தொடங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் இடுப்பு, முழங்கால், இதயம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். விலாவைத் தடவும்போது எலும்புகள் விரலுக்கு எளிதில் தட்டுப்படாவிட்டால் எடையைக் குறைத்த பிறகே தாண்ட விடுங்கள்.

இனி, காத்திருத்தல். தொடக்கக் கோட்டில் அமர்ந்திருக்கும் ஆர்வமுள்ள நாயை அருகிலிருந்து பாருங்கள்: பின்தொடைகள் நடுங்கும், முன்பாதங்கள் மாறிமாறித் தரையை அழுத்தும், பார்வை முதல் தடையிலேயே குத்திட்டு நிற்கும். அதை அங்கே விட்டுவிட்டு நீங்கள் இரண்டு, மூன்று தடைகளைக் கடந்து முன்னே சென்று நின்றால்தான், அதன் வேகத்துக்கு ஈடுகொடுத்து வழிகாட்ட முடியும். இதை வீட்டுக்குள்ளேயே தொடங்கலாம். நாயை உட்கார வைத்து ஓரடி விலகுங்கள். அசையாமல் இருந்தால் திரும்பி வந்து, அது இருக்கும் இடத்திலேயே தின்பண்டம் கொடுங்கள். எழுந்துவிட்டால் திட்டாமல், பேசாமல் பழைய இடத்துக்கே அழைத்து வந்து, தூரத்தைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள். ஓடத் தொடங்குவதற்கென்று ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். நான் பல வாரங்கள் ‘போ’ என்று சொல்லும்போதே கையையும் வீசிக்கொண்டிருந்தேன். என் நாய் கற்றுக்கொண்டது சொல்லை அல்ல, கையை. களத்தில் நான் கையை உயர்த்தி நெற்றி வியர்வையைத் துடைத்த கணமே அது பாய்ந்துவிட்டது. ஆகவே உடம்பு அசையாதிருக்கும்போது சொல்லைச் சொல்லுங்கள். நீங்கள் அசைந்தும் சொல்லைச் சொல்லாதபோது அது அமர்ந்தே இருந்தால் அதற்கும் வெகுமதி கொடுங்கள்.

தடைகளில் அதிகப் பொறுமை கேட்பவை இரண்டு வகை. முதலாவது, கூரை வடிவச் சரிவு, உயர்ந்த நடைபலகை, நாய் நடக்க நடக்க மறுமுனை தாழும் ஏற்ற இறக்கப் பலகையான சீசா ஆகியவை. இவற்றின் முனைகளில் வேறு வண்ணம் பூசிய பகுதி இருக்கும். இறங்கும்போது ஒரு பாதமாவது அதில் பட வேண்டும். துள்ளும் நாய் அதைத் தாண்டிக் குதித்துவிடும் என்பதால், பின்னங்கால்கள் பலகையிலும் முன்னங்கால்கள் தரையிலுமாக நின்று உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கப் பழக்குவது நல்லது. சீசா தரையில் மோதும் சத்தத்துக்கு நாய் அஞ்சாதிருக்க, முதல் நாட்களில் பலகையை நீங்களே பிடித்து மெல்ல இறக்குங்கள். அடுத்தது, 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நடப்பட்ட 12 கம்புகளினூடே வளைந்து வளைந்து செல்வது. முதல் கம்பு எப்போதும் நாயின் இடப்புறம் இருக்கும்படி நுழைய வேண்டும். இரண்டு கம்புகளில் தொடங்கி, எந்தக் கோணத்திலிருந்து ஏவினாலும் சரியாக நுழையும் வரை எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடப் பயிற்சி போதும். நாய் இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அஜிலிட்டி களத்துக்குள் தின்பண்டமோ பொம்மையோ பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. நாயைத் தொடவும் கூடாது. எனவே வெகுமதியை வெளியே ஓரிடத்தில் வைத்துவிட்டு, பயிற்சி முடிந்ததும் இருவருமாக ஓடிச் சென்று எடுக்கும் வழக்கத்தை முன்பே ஏற்படுத்த வேண்டும்.

போட்டியன்று நாயில்லாமல் களத்தைச் சுற்றிப் பார்க்கச் சில நிமிடங்கள் கொடுப்பார்கள். அப்போது தடைகளின் எண்களை மட்டும் மனப்பாடம் செய்யாமல், எங்கே திரும்புவது, எந்தப் பக்கம் ஓடுவது என்பதையும் நடந்தே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் முறை வரும்வரை நாய் நிழலில், மூடிய கூண்டில் ஓய்வெடுக்கட்டும். ஓடும் முன் சில நிமிடங்கள் நடக்கவிட்டுத் தசைகளைச் சூடேற்றுங்கள். நாய் பெரும்பாலும் இரைத்துத்தான் தன் உடல் சூட்டைத் தணிக்கிறது என்பதால், இரைப்பு அடங்காமல், ஈறுகள் கடுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் போட்டியை அங்கேயே விட்டுவிட்டு, உடம்பைக் குளிர்ந்த நீரால் நனைத்தபடியே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

எஃப்.சி.ஐ. விதிப்படி கம்பைத் தட்டிவிட்டாலோ தடையை மறுத்தாலோ ஒவ்வொன்றுக்கும் 5 பிழைப்புள்ளிகள். மூன்றாவது மறுப்பில் ஆட்டம் முடிந்துவிடும். நாய் தவறான தடைக்கு ஓடியிருந்தால், பெரும்பாலும் அந்தக் கணத்தில் உங்கள் தோளும் பாதமும் அந்தத் திசையைத்தான் காட்டியிருக்கும். யாரையாவது படம்பிடிக்கச் சொல்லி மாலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். அதற்கு முன், முடிவுக் கோட்டைக் கடந்த உடனேயே, புள்ளிப் பலகையைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பாகவே, வெளியே வைத்திருக்கும் வெகுமதியை நோக்கி நாயோடு ஓடுங்கள்.