இல்லினாய் நூலக மாவட்டம் எப்படி வாங்குகிறது, எப்படிக் கழிக்கிறது: புதிதாக வந்தவர்களுக்கு

சிகாகோவின் புறநகர்களில் குடியேறும் நம்மவர்கள் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே நூலக அட்டை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த நூலகம் யாருடைய பணத்தில் நடக்கிறது, பழைய பொருள்களை என்ன செய்கிறது என்று விசாரிப்பவர்கள் குறைவு. ‘டிஸ்ட்ரிக்ட் லைப்ரரி’ என்ற பெயரைப் பார்த்து, அது ஊரிலுள்ள மாவட்ட மைய நூலகம் போல ஓர் அரசுத் துறையின் கிளை என்று எண்ணிவிட வேண்டாம். 1991ஆம் ஆண்டின் இல்லினாய் பொது நூலக மாவட்டச் சட்டப்படி, அது தனக்கென எல்லையும், சொத்துவரி விதிக்கும் அதிகாரமும், வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் 7 அறங்காவலர்களும் கொண்ட தனி உள்ளாட்சி அமைப்பு. ஷாம்பர்க் டவுன்ஷிப் நூலகமும் அரோரா நூலகமும் இவ்வகையைச் சேர்ந்தவை. அரோராவை ஒட்டியுள்ள நேப்பர்வில் நூலகமோ நகராட்சியைச் சேர்ந்தது.

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்துவரியோடு நூலக வரியும் கட்டிப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. இங்கேயும் சொத்துவரி ரசீதில் நூலகத்துக்கென்று தனி வரி இருக்கும். வாடகைக்குக் குடியிருப்பவர் கொடுக்கும் வாடகையிலும் அந்தப் பங்கு அடங்கியிருக்கிறது. ஆகவே, நூலகத்தில் எதையாவது கேட்கும்போது சலுகை கேட்கிறோமோ என்று தயங்க வேண்டியதில்லை.

எதை யார் வாங்கலாம், எந்தத் தொகைக்கு மேல் அறங்காவலர் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதையெல்லாம் ஒவ்வொரு நூலகமும் தன் கொள்முதல் விதிகளில் எழுதி வைத்திருக்கும். பெரிய கட்டட வேலைகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். அதில் குறைந்த விலை குறிப்பிட்டிருந்தால் மட்டும் போதாது, வேலையை முடித்துத் தரும் தகுதியும் பொறுப்பும் உள்ளவரா என்றும் பார்ப்பார்கள். புத்தகங்களின் கதை வேறு. அவற்றை நூலகர்களே தேர்ந்தெடுத்து மொத்த விற்பனையாளர்களிடமிருந்து வருவிக்கிறார்கள். அதனால் தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால், நூலகத்தின் இணையப் பக்கத்திலுள்ள பரிந்துரைப் படிவத்தை நிரப்புவதே நேர்வழி. புத்தகத்தின் பின்னட்டையில் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும் 13 இலக்க எண்ணை அதில் தவறாமல் எழுதுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத நூலகருக்கு அந்த எண்தான் கைகொடுக்கும்.

கேட்பதற்கு முன் அந்தப் புத்தகம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பட்டியலில் தேடிவிடுவது நல்லது. அங்கே தமிழ்த் தலைப்புகளைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளில், நூலகத் துறைக்கே உரிய ஒலிபெயர்ப்பு முறைப்படிதான் பதிந்திருப்பார்கள். ‘செல்வன்’ என்பதை நாம் ‘எஸ்’ எழுத்தில் தேடுவோம். அவர்கள் ‘சி’ எழுத்தில் பதிந்திருப்பார்கள். இது தெரியாமல் ‘இங்கே தமிழ்ப் புத்தகமே இல்லை’ என்று திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன்.

அறங்காவலர் குழுவின் கூட்டங்கள் பொதுவில்தான் நடக்கின்றன. நிகழ்ச்சி நிரலைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். வாக்களிக்கத்தான் குடியுரிமை தேவை. பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து பேச அது தேவையில்லை. கணக்குகளோ ஒப்பந்த நகல்களோ வேண்டுமென்றால் இல்லினாயின் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். 5 வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும், கறுப்பு வெள்ளை நகல்களில் முதல் 50 பக்கங்களுக்குக் கட்டணம் கிடையாது.

இனி, கழிக்கும் பொருள்களைப் பார்க்கலாம். அலமாரியில் இடம் குறைவு என்பதால், கிழிந்தவை, தகவல் பழசாகிப்போனவை, யாரும் எடுக்காதவை ஆகிய புத்தகங்களை நூலகர்கள் அவ்வப்போது களைகிறார்கள். அவற்றில் பல, நூலக நண்பர்கள் என்ற தன்னார்வ அமைப்பு நடத்தும் விற்பனையில் ஓரிரு டாலருக்குக் கிடைக்கும். பல இடங்களில் கடைசி நாளன்று பை நிறைய அள்ளிக்கொண்டு ஒரே விலை கொடுக்கலாம். குழந்தைகளின் படப் புத்தகங்களை வாங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

நாற்காலி, அலமாரி, கணினி போன்றவற்றை விற்பதற்கு, பொருளின் மதிப்பைப் பொறுத்துச் சட்டம் படிகள் வகுத்திருக்கிறது. தனிப் பொருளின் மதிப்பு 1,000 டாலருக்குள் இருந்தால் குழு விரும்பியபடி கொடுத்துவிடலாம்; அதற்கு மேல் 2,500 டாலருக்குள் இருந்தால் நூலகத்தில் காட்சிக்கு வைக்கலாம், விற்பனை நாளையும் நிபந்தனைகளையும் அறிவிப்பாக ஒட்ட வேண்டும்; அதையும் தாண்டினால் வாரம் ஒரு முறை வீதம் தொடர்ந்து இரண்டு வாரங்கள் அறிவிப்பு வெளியிட வேண்டும். வாங்க வந்தவர்கள் கேட்ட விலை போதாது என்று தோன்றினால் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மறுபடி அறிவிக்கவும் குழுவுக்கு உரிமை உண்டு. வரிப்பணத்தில் நடக்கும் வேறொரு நூலகத்துக்கு எந்த மதிப்புள்ள பொருளையும் நேரடியாகவே கொடுக்கலாம்.

இத்தகைய பொருள் இணைய ஏலத்துக்கு வந்தால் ‘உள்ளது உள்ளபடியே’ விற்கப்படும். திருப்பித் தர முடியாது, குறித்த நாளுக்குள் நாமே போய் எடுத்துவர வேண்டும். நான் முதல் ஆண்டில் மலிவாகக் கிடைத்ததே என்று ஓர் இரும்புப் புத்தக அடுக்கை ஏலத்தில் எடுத்தேன். இறக்குமிடத்தில் போய்ப் பார்த்தபோது அது என் காரைவிட நீளமாக இருந்தது. வாடகை வேனுக்குக் கொடுத்த பணத்தில் புதிய அடுக்கே வாங்கியிருக்கலாம். அளவு, எடை, ஏல நிறுவனத்தின் கூடுதல் கட்டணம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே ஏலம் கேளுங்கள். கணினிகளில் தரவைக் காக்க வன்தட்டைக் கழற்றிவிடும் வழக்கம் இருப்பதால், அது உள்ளே இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்பனையில் வாங்கிய புத்தகத்தில், நூலகத்திலிருந்து நீக்கப்பட்டது என்ற முத்திரை இருக்கிறதா, பட்டைக் குறியீடு கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே அடித்துத் தரச் சொல்லுங்கள். அப்படி அடிக்கப்படாத எங்கள் வீட்டுச் சமையல் புத்தகம் ஒன்றை, நூலகப் புத்தகம் என்று நினைத்து விருந்தினர் ஒருவர் அக்கறையோடு நூலகத்தின் திருப்பும் பெட்டியில் போட்டுவிட்டார். அதை மீட்பதற்கு முகப்பில் கால் மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது.