சென்னை–புனே வீடு மாற்றம்: ஏற்றும் நாளில் தொகை ஏறாமல் தடுத்தது

வீடு மாற்றும் நிறுவனம் ஃபோனில் சொன்ன தொகை லாரி வந்ததும் ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கன அடிக் கணக்குதான், அதாவது சாமான் லாரியில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற கணக்கு. அதனால் பரண் வரை வீடியோ எடுத்து, பட்டியலோடு அனுப்பித்தான் விலை கேட்டேன். மாடிக் கூலி, சுங்கம், ஜிஎஸ்டி, லாரி தெருவுக்குள் நுழையாவிட்டால் சின்ன வண்டிக்கு மாற்றும் செலவு எல்லாம் எழுத்தில் வந்தபின் பேரமே எழவில்லை. காப்பீடு என்று பணம் வாங்கினால் பாலிசி எண் கேளுங்கள். பழைய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுசெல்ல ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) தேவையில்லை.

பைக்தான் பட்ஜெட்டைக் கடிக்கும். 12 மாதத்துக்கு மேல் மகாராஷ்டிரத்தில் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். கிளம்பும் முன்பே இங்குள்ள ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று வாங்கிவிடுங்கள். அங்கே சாலை வரி கட்டிய பிறகுதான் இங்கே மீதி வரியைத் திரும்பக் கேட்க முடியும். இடைப்பட்ட மாதங்களுக்கு அந்தப் பணம் கையில் இருக்க வேண்டும். ரயிலில் அனுப்புவதானால் பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள்.