அயாகுச்சோ போர்: இரு படைகளைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1824 டிசம்பர் 9 அன்று, பெரு நாட்டின் மலைப்பகுதியில் கினுவா ஊரை ஒட்டிய சமவெளியில் நடந்தது அயாகுச்சோ போர். தென் அமெரிக்காவில் ஸ்பெயின் ஆட்சியின் முதுகெலும்பை முறித்த போர் இது. ஆனால் 'ஒரு பக்கம் ஸ்பானியர்கள், மறுபக்கம் தென் அமெரிக்கர்கள்' என்றுதான் பலரும் எழுதத் தொடங்குகிறார்கள். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது.

ஸ்பெயின் அரசரின் பிரதிநிதியாகப் பெருவை ஆண்ட வைசிராய் லா செர்னாவின் படையில் கான்டெராக், வால்டெஸ், மோனெட் போன்ற தளபதிகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். சிப்பாய்களில் பெரும்பாலோர் அப்படியல்ல. குஸ்கோ, புனோ பக்கத்து மலைக் கிராமங்களைச் சேர்ந்த, கெச்சுவாவும் அய்மாராவும் பேசும் எளிய மக்கள் அவர்கள். பலர் கட்டாயப்படுத்திச் சேர்க்கப்பட்டவர்கள். ஸ்பெயினிலிருந்து ஆள் வர வழியும் இல்லை. 1820இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த பெரும்படையில் ரியேகோ என்ற அதிகாரி கலகத்தைத் தொடங்கிவைக்க, அந்தப் படை புறப்படவே இல்லை. அதனால் அரசரின் கொடியை உள்ளூர்க்காரர்களே சுமக்க வேண்டியதாயிற்று. போருக்குச் சற்று முன், எதிரெதிர் அணிகளில் இருந்த உறவினர்களும் நண்பர்களும் நடுவெளியில் சந்தித்துக் கட்டித் தழுவிக்கொண்டார்கள். இதை விட்டுவிட்டு அயாகுச்சோவைப் பற்றி எழுதுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சரி, விடுதலைக்காகப் போரிட்ட எதிர்ப்பக்கத்தை 'பெரு படை' என்று சொல்லலாமா? அதுவும் கூடாது. அதன் தலைமைத் தளபதி சுக்ரே வெனிசுவேலாவில் பிறந்தவர். அவருக்குக் கீழ் ஒரு பிரிவை நடத்திய லா மார் இன்றைய ஈக்வடாரின் குவென்காவில் பிறந்தவர், முன்பு ஸ்பெயினின் படையில் இருந்தவர். குதிரைப்படையை நடத்திய மில்லர் ஆங்கிலேயர். படையின் பெரும்பகுதி கொலம்பியாவிலிருந்து வந்தது. அன்றைய கொலம்பியாவில் வெனிசுவேலாவும் ஈக்வடாரும் பனாமாவும் அடக்கம்.

விடுதலைப் போராட்டத்தின் தலைவர் பொலிவாரைக் களத்தில் நிறுத்துவது இன்னொரு தவறு. அதே ஆண்டு ஆகஸ்டில், பெருவின் ஹுனினில் நடந்த போரை நடத்தியவர் அவர். அயாகுச்சோவில் அவர் இல்லை.

அரசர் தரப்பில் ஏறத்தாழ 9,000 பேர், சுக்ரேயிடம் 6,000க்கும் குறைவு. இந்த எண்களை மட்டும் வைத்து 'வீரம் வென்றது' என்று முடித்துவிடாதீர்கள். அரசர் படை கொண்டோர்குன்கா குன்றிலிருந்து இறங்கி அணிவகுத்து முடிப்பதற்குள் சுக்ரேயின் தளபதி கோர்டோவாவின் பிரிவு பாய்ந்து தாக்கியது. தவிர, அதே ஆண்டு மேல் பெருவில் (இன்றைய பொலிவியா) அரசரின் இன்னொரு தளபதி ஒலாஞேட்டா வைசிராய்க்கு எதிராகவே திரும்பினார். அவரை அடக்கப் போன வால்டெஸ் ஹுனின் போருக்கு வந்து சேர முடியவில்லை.

அப்புறம், 'அன்றோடு போர் முடிந்தது' என்ற வரி. வைசிராய் காயத்தோடு பிடிபட்டார், கான்டெராக் சரணடைவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார் என்பது உண்மை. ஆனால் லிமாவை ஒட்டிய துறைமுகமான கல்லாவோவில் அரசர் தரப்பு வைத்திருந்த கோட்டை 1826 ஜனவரி வரை பணியவில்லை. அயாகுச்சோவுக்கு வடக்கே உவாந்தா மலைப்பகுதியில் இக்கிச்சா விவசாயிகள் 1827இலும் ஸ்பெயின் அரசரின் பெயரால் ஆயுதம் ஏந்திக்கொண்டிருந்தார்கள்.